மூன்றாம் பகுதியில் பெய்த மழை

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில், இராஜதுரையின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் நாலு பேர் இருந்தார்கள். பயிற்சியாளர் ரோமன் குளிர்பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில். இராஜதுரை சமையலறை வாசலில், வெங்காய மூட்டையின் மேல். அவருடைய மகன் யதுர்ஷன் யன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. மேசையின் தலைமாட்டில், கடித உறையும் பேனையுமாக டிலானி. பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு அவள்தான் செயலாளர். யதுர்ஷனுக்குப் பெரியம்மா மகள்.

யதுர்ஷன் எப்போதும் யன்னலைப் பார்த்துத்தான் உட்காருவான். தெருவில் போகிற வருகிறவர்களை நக்கலடிக்காமல் அவனுக்குத் தேத்தண்ணீர் இறங்காது. இன்றைக்கு இடம் மாறியிருந்தான். டிலானி உள்ளே வந்ததுமே அதைக் கவனித்தாள்.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். அதற்கான ஆட்டக்காரர் பட்டியலும், அரையிறுதியில் தலையில் அடிபட்டவர் யாரென்று சொல்லும் தாளும் இன்றைய திகதி முத்திரையோடு பதிவுத் தபாலில் போகவேண்டும். செயலாளரும் பயிற்சியாளரும் கையெழுத்திட வேண்டும். தபாலகம் பன்னிரண்டுக்கு மூடும். அந்தத் தாளில் பெயர் ஏறினவன் மூன்று கிழமைக்கு மைதானத்தில் கால் வைக்க முடியாது.

முதல் ஆட்டத்தில் தோற்ற பிறகு ஏழு ஆட்டத்தையும் வென்று வந்த அணி அது. வென்றதற்கு ரோமனின் யோசனையும் ஒரு காரணம். பந்து கைக்கு வருமுன் எந்தப் பக்கம் ஓடுவது, எப்படி எறிவது என்பதை நடு ஆட்டக்காரன் எல்லோருக்கும் கேட்கக் கத்தவேண்டும். எதிரணிக்கும் கேட்கும். புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளையான ரோமன், அதையெல்லாம் தமிழில் கத்தச் சொன்னான். அணியில் தமிழர் ஐந்து பேர்தான். ஆனால் கார்த்திகை மாதத்துக்குள் மாலி நாட்டுப் பையன்களும் பிரெஞ்சுக்காரப் பிரெத்தோன் பையன்களும் ‘வலம்’ என்றால் வலப்பக்கம் பாய்ந்தார்கள். கத்துகிறவன் யதுர்ஷன். ஒவ்வொரு சொல்லையும் கட்டம்போட்ட கொப்பியில் நேரத்தோடு எழுதுகிறவள் டிலானி.

போன ஞாயிறு அரையிறுதியில், நாலு பகுதி ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில், அவன் திடீரென்று பிரெஞ்சில் கத்தத் தொடங்கினான். எதிரணி அதைத் தந்திரம் என்று நினைத்துப் பலமுறை மறுபக்கத்தைக் காத்தது. நம்மவர்கள் வென்றார்கள். கிழமை முழுக்க அணியில் அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றியே பேச்சு. இராஜதுரை கடைக் கண்ணாடியில் மகனின் படத்தை ஒட்டிவிட்டார்.

இன்று காலை செவ்ரானிலிருந்து ரயிலில் வரும்போதுதான் டிலானி கொப்பியைச் சரிபார்த்தாள். தமிழ் நின்ற இடத்துக்கு மேல்வரியில் அவளே எழுதியிருந்தாள்: ‘யது விழுந்தான். எழும்பினான்.’

“என்னம்மா, இன்னும் கையெழுத்து போடலியா?” என்றான் ரோமன். “போஸ்த் மூடிடுவான்.”

டிலானி கொப்பியை விரித்தாள். “தம்பி, ஏன் பிரெஞ்சிலை கத்தினனீ?”

“ஏமாத்தத்தான்.” அவன் தலையைத் தூக்கவில்லை.

ரோமன் சிரித்தான். இவன் மூளைக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுக்கலாம் என்றான். டிலானி வரிவரியாக வாசித்தாள். விழுந்து எழும்பிய பிறகு அவன் கத்தியது பதினொரு அழைப்பு, பதினொன்றும் பிரெஞ்சில். அதில் நாலு தொடர்ந்து ஒரே அழைப்பு. நாலு தரமும் ஒரே பையன் ஓடி, ஒரே இடத்தில் விழுந்திருந்தான். ஏமாற்றுகிறவன் அப்படிச் செய்வானா என்று அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டியும் இருக்கவில்லை. ரோமனின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அவன் கதிரையை முன்னுக்கு இழுத்தான். “யது, அந்த மழை எப்ப ஆரம்பிச்சுது, சொல்லு.”

மூன்றாம் பகுதியில் பெய்த மழையில் டிலானியின் கொப்பியே நனைந்து ஊதியிருந்தது. பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர் வீட்டுக்கு ஓடியிருந்தார்கள்.

யதுர்ஷன் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தான். “மழையே?”

இராஜதுரை மூட்டையிலிருந்து எழும்பி வந்து மகனின் தொப்பியைக் கழற்றினார். தாடையைப் பிடித்து முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

“எத்தினை நாளா?”

ஆறு நாள் என்று அவன் பிரெஞ்சில் சொன்னான். வெளிச்சம் குத்துகிறதாம், படித்தது நிற்பதில்லையாம். இறுதி ஆட்டம் முடிந்ததும் மருத்துவரிடம் போக இருந்தானாம்.

மணி பதினொன்று இருபது. டிலானி பட்டியலில் அவன் பெயரை வெட்டி, மற்றத் தாளில் எழுதினாள்.

“அக்கா, அதை அனுப்பினா உன்னோடை இனிக் கதைக்கமாட்டன்.”

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு திகதியை எழுதி, கையெழுத்திட்டு, தாளை ரோமன் பக்கம் தள்ளினாள். ரோமன் பேனையின் மூடியைக் கழற்றவில்லை. யதுவுக்குப் பதிலாக இறக்க வலன்ரைன்தான் இருக்கிறான், வலன்ரைன் இந்தப் பருவத்தில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை என்றான்.

“இவன் இல்லன்னா தோத்துடுவோம், டிலானி.”

“ஓம். தோப்பம்.”

அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிற மணம் வந்தது. இராஜதுரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகனின் தலையில் வைத்த கையை எடுக்காமலே சொன்னார்:

“ரோமன் தம்பி, கையெழுத்தைப் போடும். இன்னொருக்கா விழுந்தா எழும்புவானோ எண்டு உமக்குத் தெரியுமே?”

ரோமன் மூடியைக் கழற்றினான்.

டிலானி தாள்களை மடித்துக்கொண்டு எழும்பியபோது யதுர்ஷன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். இராஜதுரை அவனை ஆஸ்பத்திரி அவசரப்பிரிவுக்குக் கூட்டிப்போக மேற்சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

தபாலகத்தில் அவளுக்கு முன் ஒன்பது பேர். வரிசை நகர்கிறபோதெல்லாம் மேலேயிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதாவது ஆள் ஒரு பெரிய பொதியோடு நின்றார். அவர் போனபோது பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம்.

கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெண், உறை ஒட்டப்படவில்லையே என்றாள். டிலானி தாள்களை வெளியே எடுத்து, பெயர் எந்தத் தாளில் இருக்கிறதென்று கடைசியாக ஒருமுறை பார்த்தாள். உள்ளே வைத்து, உறையின் ஓரத்தைப் பெருவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தித் தேய்த்தாள். அந்தப் பெண் பதிவுச் சீட்டை ஒட்டி, முத்திரையைக் குத்தி, கடிதத்தைப் பின்னாலிருந்த கூடைக்குள் போட்டாள்.