கோட்டில் குத்திய சீட்டு

மகள் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்ததெல்லாம் அம்மாவின் சலவைக்கடையில்தான். துணியில் குத்தும் எண் சீட்டுகளின் பின்பக்கம் எளிதில் புரியாத ஆங்கிலச் சொல் ஒன்றும், கீழே தமிழில் அதன் பொருளும் எழுதிக் கட்டி வைத்திருந்தாள். வேலை அவசரத்தில் அம்மா அந்தக் கட்டிலிருந்தே ஒன்றை உருவி, அதுவும் எழுத்து வெளியே தெரியும்படி, வங்கி மேலாளரின் கோட்டு முதுகில் குத்திவிட்டாள்.

மறுநாள் அவர் கோட்டும் கையுமாக வந்து எரிந்து விழுந்தார்.

“என்னம்மா, கொழுப்பா? மீட்டிங் முழுக்க எல்லாரும் என் முதுகைப் பாத்துச் சிரிக்கிறாங்க!”

‘கர்மட்ஜன்: சிடுமூஞ்சி’ என்றது சீட்டு.

மகள் படிப்பை விட்டு எழுந்து ஓடிவந்தாள். அம்மா சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். மணிமணியான கையெழுத்து. முகம் மலர்ந்துவிட்டது.

“குத்தினது என் தப்பு சார், மன்னிச்சிடுங்க. ஆனா எழுதினது எம்பொண்ணு. இந்த இங்கிலீஷ் வார்த்தை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

மேலாளர் திருதிருவென்று விழித்தார். “தெரியாது…”

“அவளுக்குத் தெரியும். இது மாதிரி இன்னும் ரெண்டாயிரம் தெரியும்” என்றபடி அம்மா அந்தச் சீட்டை மகளின் சீட்டுக்கட்டுக்குள் பத்திரமாகச் செருகினாள்.