ஹார்மின் பெட்டிக்கு ஒரு கொடி

உலக வரலாற்றில் எந்த ஜெர்மன் வீரனும் கொடியின்றி மண்ணுக்குள் போனதில்லை என்றார் சார்ஜென்ட் மேஜர் வெஸ்லிங். சொல்லும்போது முகாம் சமையலறையில் ஓர் உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தார்.

ஜெர்மனி சரணடைந்த பிறகு வட இங்கிலாந்தில் போர்க்கைதிகளாக அவர்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். ஊருக்குக் கப்பல் வசந்தத்தில் என்றார்கள் ஆங்கிலேயர்கள். போன வசந்தத்துக்கும் அதையேதான் சொன்னார்கள். முகாம் தையல்காரன் ஹார்ம் காத்திருக்கவில்லை. ரயில் பாதையில் பனி அள்ளப் போய் நெஞ்சில் சளி கட்டி நேற்று இறந்துபோனான். சவப்பெட்டி மூடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் அவன் தம்பி ஓன்னோ.

"ஆணிய நிறுத்துப்பா. சரணடைஞ்ச அன்னிக்கு நம்ம ஸ்வஸ்திகா கொடிய உங்கண்ணன்கிட்டதான் ஒளிச்சுவைக்கக் குடுத்தேன். கொண்டா. உள்ள நெஞ்சு மேல விரிச்சிடலாம், இங்கிலீஷ்காரனுக்குத் தெரியாது," என்றார் வெஸ்லிங்.

"கொடியாம்," என்றான் சமையல்கார ஃபோக்கோ, பானையைப் பார்த்துக்கொண்டு. "தன் கோட்டுப் பட்டனையே சிகரெட்டுக்கு வித்த மனுசன் பேசற பேச்சு."

ஓன்னோ சுத்தியலைக் கீழே வைத்தான். கிழக்கே போர்முனையில் ஹார்மின் பதினேழு வயது மகன் செத்த செய்தி, போர் முடிந்து பல மாதம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு ஹார்ம் அழவில்லை. கொடியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல கம்பளிடா," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினான். இது வெஸ்லிங்குக்குத் தெரிந்தால் பெட்டியைத் தூக்க ஆள் வராது, பாட்டுக்குழுவும் வராது.

"அண்ணன் எரிச்சிட்டாரு, சார்ஜென்ட் மேஜர்."

"எரிச்சிட்டானா?"

"எதிரி கையில படக் கூடாதுன்னு." வெஸ்லிங்கின் முகம் இன்னும் இறுகியே இருந்ததால், "அழுதுகிட்டே," என்றும் சேர்த்தான்.

வெஸ்லிங் சாக்கிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றார்.

பிற்பகல் கல்லறையில் முழங்கால் வரை பனி. தாயகத்தின் மானத்தைக் கண்ணீரோடு தீக்குக் கொடுத்த உத்தமனைப் பற்றி வெஸ்லிங் நெடுநேரம் பேசினார். மூன்று பேர் நிஜமாகவே அழுதார்கள். பாட்டுக்குழு ஆளுக்கொரு சுருதியில் பாடி முடித்தது.

பிறகு அவர் ஓன்னோவின் கையைப் பிடித்தார். "ஊருக்குப் போனதும் முதல் வேலை, உங்க அண்ணிய நேர்ல பாத்து நானே இத சொல்றேன். பிள்ளையப் பறிகொடுத்தவ. புருசன் கொடிக்காக அழுதான்னு தெரிஞ்சா ஆறுதலா இருக்கும்."

ஓன்னோ வாயைத் திறந்தான்.

"சொல்லு."

"சரிங்க," என்றான்.

எல்லாருக்கும் குளிரில் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு இல்லை. ஹார்ம் அந்தக் கொடித் துணியில் இரண்டு நீள டிராயர்கள் தைத்திருந்தான். ஒன்று அவன் இடுப்போடு பெட்டிக்குள் போயிற்று. மற்றதை ஓன்னோ போட்டிருந்தான்.