கேஸ் முடியல

கழுத்தில் கிடந்த கம்பெனி அட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கலைமதியைக் குளிப்பாட்டினார்கள். அதைக் கழற்றியதும் கழுத்து வெறுமையாக நின்றது.

"தாலி எங்கண்ணா?" என்று பாஞ்சாலி உள்ளேயிருந்து தலையை நீட்டினாள்.

தணிகாசலம் சுவரோரம் குந்தியிருந்தார். தங்கச்சி கேட்டது காதில் விழுந்தது. காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த மகள், "இன்னாப்பா, மோட்டார் போட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுத்தாள். டீ எடுத்துப்போய் எழுப்பினால் கை சில்லிட்டுக் கிடக்கிறது. நாற்பதைத் தாண்டாத உடம்பு. டாக்டர் மாரடைப்பு என்றார். நெஞ்சு வலிக்குது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, இந்த ஆளை எப்படி நம்புவது? அந்த டீ இன்னும் ஜன்னலில் ஆடை கட்டி இருந்தது.

"அத்த அவ கழட்டிப் போட்டு அஞ்சு வருசம் ஆச்சு," என்றார்.

கட்டினவன் சிவசங்கர், ஒரகடத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் போன வருசம் அது. அப்புறம் ஒருநாள் ஆளோடு வந்து பேசினான். ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியலாம், ஒரு தொகை ஒரேயடியாகத் தருகிறேன் என்றான். கலைமதிக்குச் சம்மதம். "குடுத்தா குடுக்கட்டும், குடுக்காட்டி போவட்டும். என்னை அத்து வுடுப்பா," என்றாள். தணிகாசலம்தான் விடவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கைவிரிப்பான், வக்கீல் ரெண்டு பக்கமும் வாங்கித் தின்பான், காசு கைக்கு வராமல் பேனாவைத் தொடாதே என்றார். அவள் தொடவில்லை. விவாகரத்து வழக்கு ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

வெயில் சாயும் நேரத்தில் சிவசங்கர் மாலையும் கையுமாக வந்து இறங்கினான். கூட அவன் அண்ணன் கன்னியப்பன். பெண்களுக்கு உயிர் வந்தது.

"வந்துட்டான். நம்ம பொண்ணு சுமங்கலியாப் போறா," என்றாள் பாஞ்சாலி. மளமளவென்று சிவப்புப் புடவை, பூ, நெற்றி நிறையக் குங்குமம். தாலி இல்லாத குறைக்கு ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்தாள். "அவன் கையாலயே கட்டட்டும்."

கன்னியப்பன் தணிகாசலத்தின் முழங்கையைப் பிடித்து மோட்டார் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனான்.

"மாமா, கேஸ் முடியல. சட்டப்படி இன்னும் அவன்தான் புருசன்."

"அதுக்கு?"

"புள்ளகுட்டி இல்ல. இந்த வூடு, பின்னால வாடகைக்கு வுட்டுக்கீற ரூமுங்க, எல்லாம் நீங்க அது பேருக்கு எழுதிக் குடுத்ததுதான? அப்ப அது சொத்து. புருசனுக்குத்தான் வரும். வக்கீலைக் கேட்டுக்கினுதான் வரோம்."

மாலை வாங்குமுன்னே வக்கீல். பங்காளிகள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து மகள் பேரில் எழுதினவர் தணிகாசலம். அவர் படுக்கிற இடமும் அதில்தான் இருக்கிறது.

"பயப்படாதீங்க, உங்களைத் தெருவுல நிறுத்த மாட்டோம். நாலு பேர் எதிர்ல தம்பிக்கு மரியாதை பண்ணுங்க. கயிறு அவன் கட்டட்டும், கொள்ளி அவன் வெக்கட்டும். காரியம் முடிஞ்சதும் குந்திப் பேசிக்கலாம்."

"வுடலன்னா?"

கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அப்புறம் கோர்ட்டுல பேசிக்கறது."

வாசலில் சிவசங்கர் கயிற்றோடு குனிந்திருந்தான். கண் கலங்கித்தான் இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பாஞ்சாலி கலைமதியின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அந்தத் தலை, சொன்ன பேச்சைக் கேட்கிற தலையாக, வாகாகச் சாய்ந்து கொடுத்தது.

தணிகாசலம் அதைப் பார்த்தார்.

"கட்டாத," என்றார்.

"ண்ணா, சும்மா கீறியா. சுமங்கலியாப் போற யோகம் எத்தினி பேருக்கு..."

"யோகமா? அத்து வுடு, அத்து வுடுன்னு அவ கேட்டா. நான் வுடல." குரல் உயரவில்லை. "டேய், கைய எடு."

"மாமா, நான் வந்து..."

"மாலையப் போட்டுட்டு நவுந்து நில்லு. மத்த ஜனம் நிக்கிற மாதிரி."

"யோசிச்சுப் பேசுங்க," என்றான் கன்னியப்பன் பின்னாலிருந்து. "வூடு கீது."

"கீது. எடுத்துக்க."

சிவசங்கர் கயிற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பாஞ்சாலியிடமே நீட்டினான். அவளும் வாங்கவில்லை. கடைசியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பின்ரூமில் குடியிருக்கிற திருநெல்வேலிப் பையன் இசக்கிபாண்டி, ஷிப்ட் போகாமல் பாடை தூக்க நின்றவன், மெல்லக் கிட்டே வந்தான். "தாத்தா, தீச்சட்டிய யாரு எடுக்கது?"

தணிகாசலம் வேட்டியை இறுக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

மோளம் வேண்டாமென்று சொல்லியிருந்தார். கயிற்றில் தொங்கிய சட்டி நடக்க நடக்க முழங்காலில் அனலடித்தது. பின்னால் யார் வருகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று அவர் திரும்பவில்லை. மெயின் ரோட்டைக் கடக்கும்போது எதிரே வந்த கம்பெனி பஸ் ஓரங்கட்டி நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். சட்டிக்குள் வறட்டி வெடிக்கிற சத்தம் கேட்டது.