கழுவாமற் கட்டிய கட்டு

நெல்லித்தோப்பு அரிகிருஷ்ணனைப் பஞ்சாலையில் எல்லோரும் 'கட்டுக்காரர்' என்றே அழைத்தனர். செய்வது என்னவோ ஃபிட்டர் வேலைதான். ஆயினும் நிர்வாகத்தார் அவரை முதலுதவி வகுப்புக்கு அனுப்பிவைத்த நாள்முதலாக, நூற்புப் பகுதிச் சுவரில் மாட்டியிருந்த மருந்துப் பெட்டி அவருடைய பொறுப்பாகிவிட்டது. காலையில் சங்கு ஊதுமுன்பே வந்து அதைத் துடைப்பார். துணிச்சுருள்களை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அடுக்குவார். டிங்க்சர் புட்டியின் மூடியை இறுக்குவார். வெற்றிலை போடமாட்டார், நகம் வளரவிடமாட்டார். அவர் போட்ட கட்டில் முடிச்சு எங்கே இருக்கிறதென்று தேடத்தான் வேண்டும். அதில் அவருக்குச் சற்றுக் கர்வமும் உண்டு.

எழுபத்தெட்டாம் ஆண்டு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், வேலை முடியும் நேரத்தில் கொளஞ்சிக்கு அடிபட்டது. அவரது தெருவிலேயே குடியிருப்பவள்; நூல் சுற்றும் பகுதியில் வேலை. நூற்கண்டு போடும் தகர டப்பாவின் துருப்பிடித்த விளிம்பு அவளுடைய உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. பஞ்சாலையில் யாருக்கு இரத்தம் வந்தாலும், பக்கத்திலிருப்பவர் கை தானாகக் கீழே கிடக்கும் பஞ்சைத்தான் அள்ளும். அன்றும் அப்படியே அள்ளி அப்பிவிட்டார்கள். எண்ணெயும் தூசியும் கலந்த அந்தக் கழிவுப் பஞ்சு இரத்தத்தில் ஊறிப் புண்ணோடு ஒட்டிக்கொண்டது.

பஞ்சை நீக்க வேண்டும், சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், மண்ணும் துருவும் போனபிறகே கட்ட வேண்டும். இது அரிகிருஷ்ணனுக்கு மனப்பாடம். ஆனால் பஞ்சை எடுத்தால் இரத்தம் மறுபடியும் பெருகும். சுத்தமான துணியை வைத்து நெடுநேரம் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். வெளியிலோ, வீராம்பட்டினத்து அம்மன் கோவிலுக்குப் போவதற்காக அவர் மனைவி கூடையுடன் ஆலை வாசலில் காத்திருந்தாள்.

பஞ்சின் மேலேயே டிங்க்சரை ஊற்றிக் கட்டைச் சுற்றினார். பெருவிரலின் இருபுறமும் மாறிமாறிச் சுற்றி, அழகாகவே கட்டினார்.

"அண்ணே, கட்டப் பாத்தா கல்யாணப் பொண்ணு கை மாதிரி இருக்குது" என்று சிரித்தாள் கொளஞ்சி. "எங்க வூட்டுக்காரரு தாலிய கூட இம்மாம் நல்லா கட்டல."

சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கைகழுவப் போனார். தம் கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மறுநாள் ஒரு கையால் வேலைசெய்துகொண்டிருந்தவள், "விண்ணு விண்ணுனு தெறிக்குதுண்ணே" என்றாள். பிரித்துப் பார்த்திருக்கலாம். கட்டோ வெளியே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அப்படித்தாம்மா இருக்கும். அடங்கிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்று முழுதும் அவள் இருந்த பக்கம் அவர் போகவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. மாலையில் அரிகிருஷ்ணன் அவள் வீட்டுக்குப் போனார். கொளஞ்சி சுவரோரம் படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. கை முழங்கை வரை வீங்கிச் சிவந்திருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது.

மாமியார் செல்வாம்பாள் அவரைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க, நீங்களே கேளுங்க இந்த நியாயத்த. புண்ண வெச்சிக்கினு ஞாயித்துக்கெழம அவங்க அம்மா ஊரு சாரத்துக்குப் போயி அங்க கருவாட்டுக் கொழம்பு தின்னுட்டு வந்துருக்கா. சீழ் புடிக்காம பின்ன பன்னீரா வரும்?"

"ஒரே ஒரு துண்டு, அத்த..."

"ஒரு துண்டாம்! அம்மா படுத்த படுக்கையா கெடக்குறாளேன்னு ஆக்கிப்போட அனுப்புனா, நீ தின்னுட்டு வர்றியா? இனிமே சாரத்துப் பக்கம் தலவெச்சிப் படுத்தே, அப்பறம் இருக்குது. இன்னாண்ணே, நான் சொல்றது?"

கருவாட்டினால் இது வரவில்லை என்று அரிகிருஷ்ணனுக்குத் தெரியும். பிரிக்காமலே, உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியும். இருந்தும் அவருடைய தலை ஆமென்பதுபோல் மெல்ல அசைந்தது. அசைந்த பிறகே அதை அவர் உணர்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறேன்" என்றுமட்டும் சொன்னார்.

ரிக்‌ஷாவில் வைத்து அழைத்துச் சென்றார். கட்டைப் பிரித்த நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீழில் ஊறிக் கறுத்த பஞ்சு, சதையோடு சதையாகக் கிடந்தது. இடுக்கியால் இழை இழையாக அதை எடுத்தபோது, கொளஞ்சி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அரிகிருஷ்ணன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குப்பைய உள்ள வெச்சி எவன் இப்படிக் கட்டுனது? தண்ணியில ஒரு தரம் கழுவக்கூடாது? இன்னும் விட்டிருந்தா கையே போயிருக்கும்!"

அவர் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சி முந்திக்கொண்டாள்.

"நானேதாம்மா கட்டிக்கினேன்."

"ஒத்தக் கையால இவ்வளவு நேர்த்தியாவா?" என்றாள் நர்ஸம்மா. ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. புண்ணைக் கழுவி, சீழ் வடிவதற்கு வழிவிட்டுத் தளர்வாகக் கட்டி, ஊசியும் போட்டு, நாள்தோறும் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள்.

திரும்பும்போதும் ரிக்‌ஷாவிலேயே வந்தார்கள். வழியில் அவர் கேட்டார்:

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"நர்ஸம்மா வையறப்போ உன் மூஞ்சியப் பாத்தேண்ணே. பாக்க முடியல" என்றாள் கொளஞ்சி. "நாளைக்கி இன்னொருத்திக்கி அடிபட்டா உன்னாண்டதான வரணும்? பேரு கெட்டுப்போனா எவளும் வரமாட்டா. திரும்பவும் பஞ்ச வெச்சி அமுக்கிக்கினு வூட்டுக்குப் போயிடுவாளுங்க."

"வலிக்குதா?"

"கை பரவாயில்ல. அம்மாவுக்குத்தான் நாளைக்கு யாரு கஞ்சி வெச்சிக் குடுப்பாங்கன்னு தெரியல. அத்த அனுப்பாது. கருவாடு தின்னது தப்புதான, நான் இன்னா பேசறது?"

அவள் மெய்யாகவே அப்படி நம்பினாள். கட்டினவர் கழுவவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தும், குற்றத்தில் பாதியைத் தன் வாய்க்கும் கருவாட்டுக்கும் பங்குபோட்டு வைத்திருந்தாள். அந்தப் பாதிதான் அரிகிருஷ்ணனை அதிகமாக வருத்தியது. நர்ஸம்மாவின் ஏச்சைக்கூட வாங்கிக்கொண்டிருப்பார். செல்வாம்பாளின் எதிரே தம் தலை அசைந்ததை நினைத்தபோது, ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருக்கவே அவருக்குக் கூசியது.

ரிக்‌ஷா தெருமுனையில் திரும்பியது. அங்கேயே இறங்கி அவர் தம் வீட்டுக்குப் போய்விடலாம். ரிக்‌ஷாக்காரனும் அதற்காகவே வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாதப்பா, போ" என்றார் அரிகிருஷ்ணன்.

"உன் வூடு இங்கதானண்ணே?" என்றாள் கொளஞ்சி.

"உங்க அத்தைகிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இது கருவாட்டால வரல. நான் கழுவாம கட்டுனதால வந்துது. நாளைக்கு மில்லுலயும் அதையேதான் சொல்லப்போறேன்."