நாத்தனார் அளந்த ஒளி

கொஞ்ச நாளாகவே நாத்தனார் அண்ணியைக் கண்டால் நழுவிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். அண்ணிக்குக் கணக்கு, நாத்தனாருக்குத் தொலைநோக்கி. "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?" என்று அண்ணியின் கணவன்கூடக் கேட்டுவிட்டான்.

அன்று அண்ணி நேராக அவள் அறைக்கே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன ஆச்சு உனக்கு? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் சொல்லல அண்ணி. நான்தான் உங்க தலையில கல்லைப் போடப்போறேன்." நாத்தனார் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துக் காமா கதிர்களைக் கொட்டியிருந்தது. அப்படி வெடிக்கையில் கிளம்பும் அதிர்வலை தனக்கான காந்தப்புலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, அந்தப் புலம் சிக்கலாகிப்போன நூல்போலக் கிடக்கும் என்பது அண்ணியின் கணக்கு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சிக்கலான புலத்திலிருந்து வரும் ஒளி எந்தப் பக்கமும் சாயாமல், எல்லாத் திசையிலும் ஒரேபோல அதிர வேண்டும். நாத்தனார் அளந்த ஒளியோ நன்றாகவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வர்ற வழியில தூசி ஏதாவது சாய்ச்சிருக்குமோ?"

"அதைப் பார்க்காம இருப்பேனா? பக்கத்துல தெரியுற நட்சத்திரத்தையும் அளந்தேன். அது சாயவே இல்ல."

"அது எவ்வளவு தூரத்துல இருக்கு?"

நாத்தனார் அவசரமாகத் தேடிப் பார்த்தாள். "ஐயையோ... நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கு அண்ணி. தூசி இதுக்குப் பின்னாடி இருந்தா, இதுல எப்படித் தெரியும்?"

அதே படத்தில், வெகு தொலைவில் இருந்த நட்சத்திரங்களை இருவரும் ஒவ்வொன்றாக அளந்தார்கள். எல்லாமே அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவுக்குச் சாய்ந்திருந்தன. தூசியின் பங்கைக் கழித்ததும், வெடிப்பின் ஒளியில் சாய்வு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

அண்ணி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று நாத்தனார் பதறி முதுகைத் தொட்டால், முதுகு சிரிப்பில் குலுங்கியது.

"என் கணக்கு சரின்னு இதுல முடிவாயிடல," என்றாள் நிமிர்ந்து. "தப்புன்னு ஆகல, அவ்வளவுதான்."

"எனக்கு அதுவே போதும். இத்தனை நாளா சோறே இறங்கல."

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, லூசு!"

"எப்படிச் சொல்றது? 'அண்ணி, காபி குடிங்க, உங்க ஆராய்ச்சி காலி'ன்னா?"

இருவரும் உணவகத்துக்கு இறங்கிப் போனார்கள். நாத்தனார் தன் தட்டைக் காலிசெய்துவிட்டு, கேட்காமலே அண்ணியின் தட்டிலும் கைவைத்தாள். அண்ணி தட்டை அவள் பக்கமாகவே நகர்த்தி வைத்தாள்.