யானைக் காதுக்கு ஒரு நிழல்

“மார்கழியில இந்தத் தொட்டி நிழலு அந்தத் துணிக்கொடி வரைக்கும் நீளும் மேடம். உங்க போனு சொல்றது தப்பு.”

மேடம் என்று அழைக்கப்பட்ட பானுமதிக்கு இருபத்து மூன்று வயதுகூட இருக்காது. சோலார் தகடு பதிக்க, மொட்டைமாடியில் எங்கெல்லாம் நிழல் விழுகிறது என்று அளக்கக் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். கமலம் சொன்னதைச் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள். விருத்தாசலத்து வெயிலை வீணாக்கவே கூடாது, இந்த ஒரு மாடி மூன்று வீட்டுக்கு விளக்கெரிக்கும் என்றாள். வீட்டுக்காரி தாஜ் நிஷாவுக்குப் பெருமை தாளவில்லை. குவைத்திலிருக்கும் அவள் புருஷன் அல்தாப் மூன்று மாதமாகப் போனில் இதையேதான் பேசுகிறான்.

கமலம் கீழே குடியிருப்பவள். பட்டறையில் அச்சில் வார்த்த பீங்கான் யானைகளைச் சூளைக்குப் போகுமுன் பச்சையாக வாங்கி வந்து, பிசிறு துடைத்து, இந்த மாடியில்தான் காயவைப்பாள். பச்சை யானையை நேர் வெயிலில் வைத்தால் காது வெடித்துவிடும். முதல் நாள் முழுக்க நிழல் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர, பலகைகளையும் நகர்த்துவாள். ஆறு வருஷமாக அதன் பின்னாலேயே ஊர்ந்தவளுக்கு அதன் போக்கு அத்துப்படி.

காது கொடுத்துக் கேட்க ஆள் கிடைத்த குஷியில் பானுமதியிடம் சாக்பீஸ் வாங்கித் தரையில் கோடு போட்டே காட்டினாள். பங்குனியில் இதுவரை, ஆடியில் இதுவரை. பானுமதி கோடுகளைப் பார்த்துவிட்டு, தொட்டியை வடக்கு ஓரத்துக்கு மாற்றினால் போதும், மாடி முழுக்கத் தகடு போடலாம், நிழலே இருக்காது என்றாள்.

சாக்பீஸ் கமலத்தின் கையிலேயே நின்றது. தன் பிழைப்பைத் தானே அளந்து கொடுத்திருக்கிறாள்.

“என்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? உன் வூட்டு ஃபேனும் இதுலதான் ஓடப்போவுது” என்றாள் தாஜ் நிஷா.

பானுமதி காட்டுவதற்கென்று கொண்டுவந்த தகடு ஒன்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் பின்னால் குளுமையாக ஒரு துண்டு நிழல். கமலம் ஒரு பலகையை அதற்குள் தள்ளி வைத்தாள். அதிலிருந்த பன்னிரண்டு யானைகளும் அடங்கின.

தகடு நிற்கும் கால்கள் எவ்வளவு உயரம் என்று மெல்லக் கேட்டாள். முழங்கால் அளவு என்றாள் பானுமதி. ஆளுயரத்துக்கும் வைக்கலாம், இரும்பு கூடுதலாகும், வீட்டுக்காரர்கள் சரியென்றால் இன்றே மாற்றி வரைந்துவிடலாம் என்றாள்.

தாஜ் நிஷாவின் போன் அடித்தது. அல்தாப்தான். அவள் எடுப்பதற்குள் கமலம் உள்ளங்கையைத் தன் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்தாள்.

“நிஷாக்கா, அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன். அந்தக் காலுங்கள இந்த ஒசரத்துக்கு வெக்கச் சொல்லுங்க. அடியில என் யானைங்க பாட்டுக்கு இருந்துக்கட்டும்.”