மிதமான நெருப்பு

சவப்பெட்டிக்குள்ளிருந்து முயல் பொம்மையை இரு கைகளாலும் வெளியே எடுத்தார் தகனக்கூடத்து ஊழியர் நரிதா. ஒரு ஜோடி செருப்பு வைக்கிற அளவுதான் அந்தப் பெட்டி.

"மன்னிச்சுக்குங்க. இதுல பஞ்சு நிறைய இருக்கு. எரிஞ்சா சாம்பல் மூடிடும். பிள்ளையோட எலும்பு கண்ணுக்கே தெரியாமப் போயிரும்."

தகாயுகி தலையசைத்தான். ஐந்தரை மாதத்தில், மனைவி மினோரியின் வயிற்றிலேயே உயிர் அடங்கிய மகன். அவள் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறாள்.

பொம்மையைத் திரும்ப வாங்கிக்கொண்ட மகள் ஹோனோகா கேட்டாள்.

"என்னோடதுங்கறதாலயாப்பா? இதுலயும் கிருமி இருக்கா?"

ஐந்து வயதுக் குழந்தை. தகாயுகி திரும்பித் தன் அக்கா கசுயோவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவகிட்டேர்ந்துதான் கிருமி தொத்திச்சுன்னு போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தேன்டா. இவ தூங்கறான்னு நெனச்சேன்."

குளிர்காலத்தில் ஹோனோகாவின் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குக் கன்னம் ஆப்பிள் போலச் சிவக்கும் ஆப்பிள் காய்ச்சல். இவள் கன்னங்களும் சிவந்தபோது, "நம்ம ஆப்பிள் தோட்டத்துல பனி மூடிக் கிடக்கு, இங்க பாரு, வீட்டுக்குள்ளயே காய்ச்சிருச்சு!" என்று கேலி செய்தவளும் கசுயோதான். எல்லோரும் சிரித்தார்கள். மினோரி இரு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

பெட்டி உள்ளே போனது. சூடான அடுப்பில் இவ்வளவு சின்ன எலும்பு மிஞ்சாது; ராத்திரி முழுக்க அடுப்பு ஆறிக் கிடந்திருக்கும் என்பதால்தான் காலையின் முதல் நேரம். யாரும் கேட்காமலே நரிதா இதை ஏற்பாடு செய்திருந்தார். "நானே பக்கத்துல நின்னு தீயக் குறைச்சு வச்சுப் பாத்துக்கறேன்," என்று கைகூப்பிவிட்டுப் போனார். யாரும் பார்க்காத இடத்தில் செய்கிற இந்த வேலையைப் புத்தர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தகாயுகி நினைத்தான்.

காத்திருக்கும் அறையில் மகளை மடியில் உட்கார்த்திக்கொண்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? அம்மா வயித்துல தம்பிக்குச் சோறு ஊட்டறது நஞ்சுக்கொடி. கிருமி அதுக்குள்ள பூந்துருச்சு. அது வீங்கி வெளுத்துப் போச்சு. தம்பி ஒடம்புலயும் ரத்தம் கொறஞ்சு, இதயம் களைச்சுப் போச்சு."

"என் கிருமி."

"உன்னோடது இல்லம்மா. அது ஊர் சுத்தற கிருமி. யார் வீட்டுலயும் கேட்டுட்டு நுழையறதில்ல. ஒனக்குக் கன்னம் சிவக்கறதுக்கு முன்னாடியே அது அடுத்தவங்கள ஒட்டிக்குமாம். அப்ப ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கே தெரிஞ்சிருக்காது."

கசுயோ தன் பையிலிருந்த சோற்று உருண்டையைப் பிட்டு நீட்டினாள். ஹோனோகா வாங்கவில்லை. வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நரிதா வந்து கூப்பிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. தட்டில், பாதித் தீக்குச்சி நீளமுள்ள வெள்ளைத் துண்டுகள் சில.

"இருக்குங்க," என்றார். "கால் எலும்பு, ரெண்டும் இருக்கு."

தகாயுகி தட்டின் மேல் குனிந்தான். மினோரியின் கையில் கொடுக்க ஏதோ இருக்கிறது.

வழக்கப்படி, இருவர் சேர்ந்து ஒரே எலும்பைக் குச்சிகளால் எடுத்து ஜாடியில் இட வேண்டும். கசுயோ முன்னே வந்தாள். தகாயுகி இரண்டாவது ஜோடிக் குச்சிகளை மகளிடம் நீட்டினான். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் தொடலாமா?"

"நீ தொட்டாத்தான் அவனுக்குப் பிடிக்கும். அக்கா இல்லியா நீ?"

அவள் குச்சிகளை வாங்கினாள். எலும்பு இரண்டு முறை நழுவிற்று.

"அவசரமே இல்ல பாப்பா," என்றார் நரிதா. "இன்னிக்கு நீங்கதான் மொத ஆளுங்க."

கசுயோ முழந்தாளிட்டு, குழந்தையின் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள்.

எலும்பு ஜாடிக்குள் விழுந்த சத்தமே கேட்கவில்லை. ஹோனோகா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்ததற்குக் குச்சியை நீட்டினாள்.